ஈரலுக்குத் தெரிந்த விலாசம்

பயந்துபோனால் நமக்கு ஈரக்குலை நடுங்கும். பேச்சுக்கு நடுங்குகிறதே தவிர, உடம்பில் ஈரலைப் போலப் பதறாத உறுப்பு இன்னொன்று இருக்காது. ஞாயிற்றுக்கிழமைக் காலையில் கறிக்கடைத் தராசுத் தட்டில் வழுக்கிக்கொண்டு கிடக்கும் ஆட்டு ஈரலைப் பார்த்தால் தெரியும். இதயம் போலத் துடித்த அடையாளம் இல்லை, குடல் போல நெளிந்த மடிப்பு இல்லை. ஒரே சீரான கரும்பழுப்புப் பாளம். "ரத்தம் ஊறும், பிள்ளைக்கு வாங்கிக் கொடு" என்பார்கள். மிளகைத் தூக்கலாகப் போட்டு வறுத்து இறக்கினால் அதன் கதை முடிந்துவிடும்.

அந்தப் பாளத்துக்கு நுட்பமான ஒரு தொடுவுணர்ச்சி உண்டு என்று எனக்கு வெகுநாள் தெரியாது. மனித ஈரல் வழியாக நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் ரத்தம் போகிறது. உடம்பில் இருப்பதே ஏறக்குறைய ஐந்து லிட்டர்தான். ஓடிவரும் அந்த ரத்தத்தில் மிதக்கும் புரதங்களின் மேல் சர்க்கரைக் கிளைகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஈரல் செல்கள் அவற்றின் நுனியைத் தடவிப் பார்க்கின்றன. குறிப்பிட்ட ஒரு சர்க்கரை தட்டுப்பட்டால் போதும், அந்தப் புரதம் உள்ளே போய்க் கரைந்துவிடும். இந்தத் திறமையைக் கடன் வாங்கி, நோய் உண்டாக்கும் புரதங்களை ரத்தத்திலிருந்து ஒழிக்கும் மருந்து மூலக்கூறுகள் சில ஆண்டுகளாக உருவாகிவருகின்றன. அவை எந்த அளவுக்குப் பலிக்கும், என்ன விலைக்கு வரும் என்பதெல்லாம் வேறு பேச்சு. ஆசாரி செய்த நகாசு வேலையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பது போல அவற்றைக் கொஞ்சம் பார்க்கவேண்டும் என்பதுதான் என் ஆசை.

கதை ஒரு நீலப் புரதத்திலும் சில முயல்களிலும் தொடங்குகிறது. செருலோபிளாஸ்மின் என்பது ரத்தத்தில் செம்பைச் சுமக்கும் புரதம். தனியே பிரித்தெடுத்தால் வானத்து நீலம். வில்சன் நோய் உள்ளவர்களுக்கு உடம்பில் செம்பு சேர்ந்துகொண்டே போகும், ஆனால் இந்தப் புரதம் ரத்தத்தில் குறைவாக இருக்கும். அதன் போக்குவரத்தை அறிய 1960-களில் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் கில்பர்ட் ஆஷ்வெல்லும், நியூயார்க்கில் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன் மருத்துவக் கல்லூரியின் அனடோல் மோரெலும் சேர்ந்து இறங்கினார்கள். புரதத்தின் பின்னால் போய்ப் பார்க்க அதற்கு ஓர் அடையாளம் வேண்டும். அதன் சர்க்கரையில் கதிரியக்க ஹைட்ரஜனை ஏற்றலாம் என்று திட்டம். அப்படி ஏற்ற, கிளை நுனியில் இருக்கும் சியாலிக் அமிலத்தை முதலில் கழற்றவேண்டியிருந்தது. கழற்றினார்கள். முயலுக்குச் செலுத்தினார்கள். நாள்கணக்கில் ரத்தத்தில் சுற்றவேண்டிய புரதம் சில நிமிடங்களில் காணாமல் போனது. தேடினால் ஈரலில் இருந்தது.

அடையாளம் வைக்கப் போன இடத்தில் பொருளே மாயமாகிவிட்டால் சோதனை கெட்டுப்போனதாக எண்ணி வேறு வழி பார்ப்பதுதான் வழக்கம். இவர்கள் கெட்டுப்போன சோதனையையே பிடித்துக்கொண்டார்கள். 1968-இல் அது கட்டுரையாக வந்தது. அந்த ஆண்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் அது எனக்கு வேண்டும்.

சியாலிக் அமிலம் என்ன செய்துகொண்டிருந்தது என்பதை விளக்க எனக்குத் தேங்காயைவிட நல்ல உவமை கிடைக்கவில்லை. தேங்காயை உரிக்கும்போது நம் வீடுகளில் குடுமியை மட்டும் விட்டுவைப்பார்கள். குடுமி இருக்கும்வரை காய் கெடாமல் நாள்பட இருக்கும். குடுமியைப் பிய்த்தால் மூன்று கண்ணும் தெரிந்துவிடும், அதன்பின் காயை உடனே உடைத்தாகவேண்டும். ரத்தப் புரதத்தின் சர்க்கரைக் கிளையில் சியாலிக் அமிலம்தான் குடுமி. அதற்கு அடியில் கேலக்டோஸ் என்ற சர்க்கரை கண்மூடி இருக்கிறது. குடுமி விழுந்து கேலக்டோஸ் வெளியே தெரிந்த மறுகணமே ஈரலுக்கு அது கூப்பிடும் குரல். செருலோபிளாஸ்மினில் பத்துச் சியாலிக் அமிலங்கள் போல இருக்கும். அத்தனையும் போகவேண்டியதில்லை, இரண்டு போனாலே ஈரல் கண்டுகொள்கிறது.

அப்படிக் கண்டுகொள்ளும் ஏற்பிப் புரதத்துக்கு அறிவியலில் நீளமான பெயர் உண்டு. கண்டுபிடித்தவர்களின் பெயரால் ஆஷ்வெல்–மோரெல் ஏற்பி என்றும் சொல்வார்கள். ஒவ்வோர் ஈரல் செல்லின் மேலும் லட்சக்கணக்கில் இருக்கிறது. அதன் பகுத்தறிவு எத்தனை கூர்மை என்று பாருங்கள். குளுக்கோஸும் கேலக்டோஸும் ஒரே அணுக்களால் ஆனவை, ஒரே எண்ணிக்கையில். நான்காவது கரியணுவில் ஒட்டியிருக்கும் ஒரு ஹைட்ராக்சில் ஒன்றில் ஒரு பக்கம் பார்க்கிறது, மற்றதில் மறுபக்கம் பார்க்கிறது. வேறுபாடு அவ்வளவுதான். 'க'வுக்கும் 'க்'குக்கும் நடுவில் உள்ள புள்ளி போல. ரத்தம் முழுக்கக் குளுக்கோஸ் கரைந்து ஓடுகிறது, ஏற்பி திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. கேலக்டோஸ் வந்தால் பிடித்துக்கொள்கிறது. கேலக்டோஸின் உறவுக்காரச் சர்க்கரையான என்-அசிட்டைல் கேலக்டோசமின், ஆய்வகப் பேச்சில் கேல்நாக், வந்தால் அதைவிடப் பல மடங்கு இறுக்கமாகப் பிடிக்கிறது. மருந்து செய்பவர்களுக்கு இதுதான் பிடித்தமான சர்க்கரை.

ஆனால் ஒற்றைச் சர்க்கரையைப் பிடிக்கும் பிடி தளர்வானது. வந்த வேகத்தில் நழுவிவிடும். ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் யுவான் சுவான் லீ இதை அளந்து 1983-இல் வெளியிட்டார். ஒரே மூலக்கூறில் இரண்டு சர்க்கரைகள் இருந்தால் பிடிப்பு ஏறக்குறைய ஆயிரம் மடங்கு கூடியது. மூன்றாவது சேர்ந்தால் அதற்கும் மேலே நூற்றுக்கணக்கான மடங்கு. நான்காவது சேர்த்தால் பெரிதாக ஒன்றும் கூடவில்லை. மூன்றோடு இலை நிறைந்துவிட்டது. இதில் எனக்குப் பிடித்தது அந்த நான்காவதின் சோம்பல்தான். நல்ல கைவேலைக்காரன் எங்கே நிறுத்தவேண்டும் என்பதை இயற்கையே அளவெடுத்துச் சொல்கிறது. அதனால்தான் இன்றைய மருந்துகளில் பெரும்பாலும் மூன்று கிளைகளும் மூன்று நுனியிலும் கேல்நாக்கும் இருக்கும். கிளைகளின் இடைவெளியும் ஏனோதானோ என்று வைத்ததில்லை. ஒன்றரையிலிருந்து இரண்டரை நானோமீட்டர்வரை விலகி நின்றால்தான் ஏற்பியின் குழிகளில் ஒரே நேரத்தில் போய் உட்காரும். தேங்காயின் மூன்று கண்ணையும் மூன்று விரலால் தொட்டுப் பாருங்கள், அந்த மாதிரி.

இதுவரை பிடிப்பதைப் பற்றித்தான் பேசினேன். என்னைக் கேட்டால் இந்த வேலைப்பாட்டின் உண்மையான அழகு விடுவதில் இருக்கிறது.

சர்க்கரையை ஏற்பி நேரடியாகப் பற்றிக்கொள்வதில்லை. நடுவில் ஒரு கால்சியம் அயனி உட்கார்ந்திருக்கிறது. சர்க்கரையின் இரண்டு ஹைட்ராக்சில்கள் அந்தக் கால்சியத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. பிடித்ததும் செல்லின் தோல் அந்த இடத்தில் குழிந்து உள்வாங்குகிறது. குழியைச் செல்லின் உட்பக்கமிருந்து தாங்க, கிளாத்ரின் என்ற புரதம் கூடை முடைகிறது. கிளாத்ரினுக்கும் மூன்று கால்கள். அந்த முக்காலிகள் ஒன்றோடொன்று பின்னி ஐங்கோணமும் அறுகோணமுமாகக் கூடையாகின்றன. கூடை உள்ளே போய்ப் பையாகிறது. கூடை பிரிகிறது. பைக்குள் மெல்ல அமிலம் ஏறுகிறது. அமிலம் ஏற ஏறக் கால்சியத்தின் பிடி தளர்ந்து அது விலகிவிடுகிறது. கால்சியம் போனால் சர்க்கரைக்குப் பிடிமானம் இல்லை. யாரும் பிடுங்கவில்லை, யாரும் வெட்டவில்லை. புளித்த உடனே கை தானாகத் திறந்துகொள்கிறது. சரக்கு லைசோசோமுக்குப் போகிறது, அங்கே நொதிகள் அதைத் துண்டு துண்டாக்கிவிடும். ஏற்பி மட்டும் காலிக் கையோடு செல்லின் மேற்பரப்புக்குத் திரும்பி வந்து அடுத்த சரக்குக்கு நிற்கிறது. போய்வர ஏறத்தாழக் கால் மணி நேரம். நகர்ப் பேருந்தைவிட ஒழுங்கான சர்வீஸ்.

இனி மருந்துக்கு வரலாம். செய்யவேண்டியது என்னவென்று ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: வேண்டாத புரதத்தின் மேல் ஈரலுக்குத் தெரிந்த விலாசத்தை ஒட்டிவிடு. ஒரு முனையில் அந்தப் புரதத்தைப் பற்றும் கொக்கி. மறுமுனையில் மூன்று சர்க்கரைக் கொத்து. நடுவில் ஒரு கயிறு. காளை எத்தனை பெரிதாக இருந்தாலும் மூக்கணாங்கயிறு சின்னதுதான். புரதம் மருந்தைவிட நூறு மடங்கு எடை இருக்கலாம், கொக்கி மாட்டிவிட்டால் கயிறு போகும் பக்கம் போகவேண்டியதுதான். மாட்டிய முனை புரதத்தைச் செயலிழக்கச் செய்யவேண்டிய அவசியமும் இல்லை. வழக்கமான மருந்து புரதத்தின் உயிர்நாடியான குழியைத் தேடி அடைக்கவேண்டும். இதற்கு முதுகு, தோள், எந்த இடமானாலும் பிடிகிடைத்தால் போதும்.

ஸ்டான்ஃபோர்டில் கரோலின் பெர்டோசியின் குழு 2020-இல் இந்தப் பாணியில் முதல் மூலக்கூறுகளைக் காட்டியது. அப்போது பயன்படுத்திய ஏற்பி வேறு, அது உடம்பின் பலவகைச் செல்களிலும் இருப்பது. 2021-இல் ஈரலுக்கான வடிவமும் வந்தது. (2022-இல் அவருக்கு வேதியியல் நோபல் கிடைத்தது, செல்களுக்குள்ளேயே நடத்தக்கூடிய வேறொரு வேதிவினைக்காக.) அவர்களுடைய மூலக்கூறில் புரதத்தைப் பிடிக்கும் முனை ஒரு முழு ஆன்டிபாடி, பெரிய உருவம். அதே 2021-இல் யேல் பல்கலைக்கழகத்தில் டேவிட் ஸ்பீகலின் குழு இரண்டு முனையையும் சிறு மூலக்கூறாகவே வைத்துச் செய்து காட்டியது. எலிகளின் ரத்தத்தில் அழற்சியோடு தொடர்புள்ள ஒரு புரதத்தையும் ஒருவகை ஆன்டிபாடியையும் அது குறைத்தது. அழகு என்று பார்த்தால் என் ஓட்டு இரண்டாவதற்கு. ஆன்டிபாடியை வைத்துப் புரதத்தைப் பிடிப்பது யானையைக் கட்ட யானையைக் கூட்டிவருவது. அதிலும் ஒரு கம்பீரம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஆன்டிபாடியையே அகற்றவேண்டிய நோய்களில் சின்னக் கயிற்றுக்குத்தான் மவுசு.

இந்த வகை மருந்துக்கு ஒரு வினோதக் குணம் இருக்கிறது. கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாக வேலை செய்யும் என்பதில்லை, ஓர் அளவுக்குமேல் போனால் வேலை குறையும். கல்யாணத் தரகர் ஒருவர் இருந்தால் பெண் வீட்டையும் மாப்பிள்ளை வீட்டையும் சேர்த்துவைப்பார். இருபது தரகர்கள் புகுந்து, பெண் வீட்டுத் திண்ணையில் பத்துப் பேரும் மாப்பிள்ளை வீட்டுத் திண்ணையில் பத்துப் பேருமாக உட்கார்ந்துகொண்டால் ஜாதகம் எப்படிக் கைமாறும்? புரதத்தில் கொக்கி மாட்டும் இடத்தில் எல்லாம் ஒரு மருந்து, ஏற்பியின் குழியில் எல்லாம் வேறொரு மருந்து. சம்பந்தம் நடக்காது. ஆகவே இங்கே மருந்தின் அளவு என்பது மருத்துவரின் கட்டளை மட்டுமல்ல, மூலக்கூறின் வடிவத்திலேயே எழுதப்பட்ட ஒரு கணக்கு.

ஈரலின் இதே வாசலில் இன்னொரு குடும்பம் ஏற்கெனவே வந்து போய்க்கொண்டிருக்கிறது. மரபுச் செய்தியை அடக்கும் சிறு ஆர்.என்.ஏ. மருந்துகளுக்கும் முதுகில் இதே கேல்நாக் கொத்துதான். 2019-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற கிவோசிரான், கொலஸ்டிராலுக்கு ஆண்டுக்கு இரண்டு ஊசியாகப் போடும் இன்கிளிசிரான் எல்லாம் அந்த வகை. விலாசம் சரி, தபால் போய்ச் சேர்கிறது என்று லட்சக்கணக்கான உடம்புகளில் நிரூபித்தவை அவைதான். ஆனால் அவற்றின் சங்கடத்தைப் பாருங்கள். உள்ளே போன ஆர்.என்.ஏ. லைசோசோமில் சிக்கி அழியாமல் பையைவிட்டுத் தப்பி வெளியே வரவேண்டும். தப்புவது நூற்றில் ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சொற்பத்தை வைத்துக்கொண்டுதான் அவை வேலையை நடத்துகின்றன. புரதம் அகற்றும் மருந்துக்கோ லைசோசோம்தான் ஊர், தப்பிப்பதுதான் தோல்வி. ஒரே பாதை, ஒரே வண்டி. ஒருவர் பாதி வழியில் குதிக்கப் பார்க்கிறார், மற்றவர் கடைசி நிறுத்தத்துக்குச் சீட்டு வாங்கியிருக்கிறார்.

பள்ளிக்கூடத்தில் செய்யுளைக் கொடுத்து 'நயம் பாராட்டுக' என்பார்கள். எதுகை, மோனையை எழுதிவிட்டு முரண்தொடை கிடைத்தால் மதிப்பெண் உறுதி என்று நிம்மதியாக இருப்போம். இந்தக் கதையிலும் ஒரு முரண்தொடை உண்டு. ஐ.ஜி.ஜி. என்ற ஆன்டிபாடி மூன்று வாரம்போல ரத்தத்தில் நிலைக்கிறது. காரணம் வேறோர் ஏற்பி. செல் ரத்தத் துளியை விழுங்கும்போது உள்ளே போன ஐ.ஜி.ஜி.யை அது அமிலப் பையில் பிடித்துக்கொண்டு, மீண்டும் ரத்தத்தின் நடுநிலைக்கு வந்ததும் விட்டுவிடுகிறது. ஈரலின் ஏற்பி ரத்தத்தில் பிடித்து அமிலத்தில் விடும், இது அமிலத்தில் பிடித்து ரத்தத்தில் விடும். ஒன்று அழிக்கக் கூட்டிப்போகிறது, ஒன்று அழிவிலிருந்து கூட்டிவருகிறது. இரண்டும் ஒரே புளிப்பைத்தான் மணியாகக் கேட்கின்றன. தன்னையே தாக்கும் ஆன்டிபாடிகளால் வரும் தசைக்களைப்பு நோய்க்கு 2021-இல் வந்த எஃப்கார்டிஜிமோட் இந்தக் காப்பாற்றும் கையைக் கட்டிப்போடுகிறது. ஈரல் வழி மருந்துகள் அழைத்துப்போகும் கையை நீட்டிக் கொடுக்கின்றன.

இன்னொரு சின்ன விஷயம், சொல்லாமல் விட மனசில்லை. ஈரலின் ஏற்பியும் ஒரு சர்க்கரைப் புரதம்தான். அதன் கிளைகளிலும் சியாலிக் அமிலக் குடுமி உண்டு. ஆஷ்வெல்லின் கூட்டாளிகள் 1970-களில் அந்தக் குடுமியைக் கழற்றிப் பார்த்தார்கள். ஏற்பி வேலை செய்வதை நிறுத்திவிட்டது. வெளியே தெரிந்த தன் கேலக்டோஸையே தன் கையால் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டது. சியாலிக் அமிலத்தைத் திரும்ப ஒட்டியதும் மறுபடி வேலைக்கு வந்தது. பிறர் குடுமியைச் சோதிக்கிறவனுக்குத் தன் குடுமி பத்திரமாக இருக்கவேண்டியிருக்கிறது.

இவ்வளவு அருமையான வாசலை மருந்துக்காக ஆக்கிரமித்தால் உடம்புக்கு இடைஞ்சல் வராதா? நியாயமான கேள்வி. ஐஸ்லாந்தில் நூற்றிருபது பேரில் ஒருவருக்கு இந்த ஏற்பியின் ஒரு மரபணுப் பிரதியில் 12 எழுத்துகள் விடுபட்டிருக்கின்றன என்று 2016-இல் தெரியவந்தது. அவர்கள் நோயாளிகள் அல்ல. மாறாக, அவர்களுக்குக் கொலஸ்டிராலும் மாரடைப்பு ஆபத்தும் மற்றவர்களைவிடக் குறைவு. வாசல் பாதி சாத்தியிருந்தாலும் வீடு நடக்கிறது. அதேசமயம் வாசலுக்குச் சொந்த வேலையும் உண்டு. வயதான ரத்தத் தட்டணுக்கள் குடுமி உதிர்ந்து வரும்போது அவற்றை எடுத்துக்கொண்டு, புதுத் தட்டணு செய்யச் சொல்லித் தகவல் அனுப்புவதும் இதே ஏற்பிதான். நிமோனியாக் கிருமி ரத்தத்தில் புகுந்து தட்டணுக்களின் சியாலிக் அமிலத்தைக் கடித்து எடுக்கும்போது, அவற்றை ஈரல் அவசரமாக ஒதுக்கிவிடுவதால் ரத்தம் கண்டபடி உறைவது தணிகிறது என்று எலிகளில் பார்த்திருக்கிறார்கள். இரவல் வாங்கிய வாசல் என்பது நினைவிருக்கவேண்டும்.

இப்போது 1968. அதே ஆண்டு பாரிஸில் ழான் பெர்ஜே என்ற மருத்துவர் நிக்கோல் ஆங்க்லேயோடு சேர்ந்து ஒரு சிறுநீரக நோயை முதன்முதலாக விவரித்தார். தொண்டை கட்டிய ஓரிரு நாளில் சிறுநீர் கட்டன் காப்பி நிறத்தில் போகும். சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் ஐ.ஜி.ஏ. என்ற ஆன்டிபாடி படிந்திருக்கும். இன்று அதை ஐ.ஜி.ஏ. நெஃப்ரோபதி என்கிறோம். பின்னால் வந்தவர்கள் அந்த ஆன்டிபாடியின் சர்க்கரையைச் சோதித்தபோது ஒரு குறை தென்பட்டது. ஆன்டிபாடியின் இடுப்பு மடிப்பில் இருக்கும் சிறு கிளைகளில் முதலில் கேல்நாக், அதன்மேல் கேலக்டோஸ் இருக்கவேண்டும். இவர்களுக்குக் கேலக்டோஸ் விடுபட்ட பிரதிகள் அதிகம்.

கேலக்டோஸ் இல்லையென்றால் அடியிலிருக்கும் கேல்நாக் வெளியே தெரியும். கேல்நாக் என்றால் ஈரலுக்கு இன்னும் பிரியம் என்று மேலே பார்த்தோம். அப்படியானால் இந்த ஊனமான ஐ.ஜி.ஏ.வை ஈரல் முதல் ஆளாகப் பிடித்திருக்கவேண்டாமா? ஆய்வாளர்கள் சொல்லும் விளக்கம் இது. வெறுமையாகத் தெரியும் அந்தக் கேல்நாக்கை உடம்பு அந்நியம் என்று எண்ணி, அதற்கெதிராக வேறோர் ஆன்டிபாடியைச் செய்கிறது. அது வந்து சரியாக அந்தக் கைப்பிடியிலேயே உட்கார்ந்துகொள்கிறது. ஈரல் பிடிக்கவேண்டிய இடத்தில் வேறொருவர் கை. இரண்டும் சேர்ந்து திரளாகிப் பெருத்துவிடுகின்றன. ஈரலின் ரத்தக்குழாய்ச் சுவரில் சுமார் 100 நானோமீட்டர் அகலச் சன்னல்கள் இருக்கின்றன. அவற்றில் நுழைந்தால்தான் ஈரல் செல்லை அடையமுடியும். திரள் நுழையாமல் ரத்தத்தோடு போய்ச் சிறுநீரகத்தில் படிகிறது.

யேல் இருக்கும் நியூ ஹேவன் நகரிலேயே இயங்கும் பயோஹேவன் நிறுவனம் ஸ்பீகலின் வழியைப் பெற்று, கேலக்டோஸ் குறைந்த அந்த ஐ.ஜி.ஏ.வை மட்டும் தேர்ந்து பிடிக்கும் ஒரு மூலக்கூறை மனிதர்களிடம் சோதித்துவருகிறது. மற்ற ஐ.ஜி.ஏ.வைத் தொடாமல், வாயிலும் குடலிலும் காவல் நிற்கும் நல்லதை விட்டுவிட்டு, எழுத்துப்பிழையுள்ள பிரதியை மட்டும். ஒரு முனை பாரிஸில் பெர்ஜே கண்ணாடித் துண்டில் படிவாகப் பார்த்த ஆன்டிபாடியைப் பிடிக்கிறது. மறுமுனை, முயலின் ரத்தத்தில் நீலப் புரதம் காணாமல் போனபோது ஆஷ்வெல்லும் மோரெலும் தேடிப் போன கதவைத் தட்டுகிறது. நடுவில் இருப்பது சில நானோமீட்டர் கயிறு.